ஊருக்கு அனுப்பும் தண்டனை

(முன்னாள் மாணவர் சந்திப்பு – காலை அமர்வு உரை)



செயலாளர் போன் செய்து, "நீங்க சிவில்காரர்தானே, பாலம், அணைக்கட்டுன்னு ஏதாவது பேசுங்க" என்றார். பாலத்தைப் பற்றிப் பேசினால் மெக்கானிக்கல்காரர்கள் தூங்கிவிடுவார்கள். ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ரீயூனியன்ல போய் அதையா?" என்றார். அதைத்தான்.

ரஸ்டிகேட்.

இந்தச் சொல் தெரியாத மாணவர் நம் நாட்டில் கிடையாது. இங்கிலீஷில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேச வராத பையனுக்கும் இது தெரியும். பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டை விழுங்குகிறவனுக்கும் தெரியும், அவனைப் பிடிக்கிற ஸ்குவாடுக்கும் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் தெருவில் போகிறவரை நிறுத்திக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அங்கே அது ஓய்வு பெற்ற சொல். ஓரிரண்டு பழைய பல்கலைக்கழகங்களின் மதிலுக்குள் மட்டும் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் மறந்துவிட்ட வினைச்சொல் ஒன்றை நாம் நோட்டீஸ் போர்டில் பத்திரமாக வைத்துக் காப்பாற்றி வருகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரஸ்ட் என்றால் துரு, ஆகவே ரஸ்டிகேட் என்றால் துருப்பிடிக்க விடுவது என்று எங்கள் செட்டில் ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. லத்தீனில் ரூஸ் என்றால் நாட்டுப்புறம், வயல் வெளி. ரூரல் என்கிறோமே, அதுவும் இந்த வேரில் பிறந்ததுதான். ரூஸ்டிகுஸ் என்றால் நாட்டுப்புறத்து ஆள். ரூஸ்டிகாரி என்றால் நாட்டுப்புறத்தில் போய்த் தங்குவது. ரோமாபுரியில் வசதி உள்ளவர்கள் நகரத்து வெக்கையும் வழக்கு வியாஜ்ஜியமும் சலித்துப்போனால் தோட்ட வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவார்கள். அதற்கான வினைச்சொல் இது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் வந்தபோதும் முதலில் இதே அர்த்தம்தான். கிராமத்தில் காற்று வாங்குவது! தண்டனையாக மாறியது அதற்குப் பிறகுதான். 18-ஆம் நூற்றாண்டில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவனைக் குறிப்பிட்ட காலத்துக்கு வெளியே அனுப்பிவைப்பது என்கிற பொருள் ஊன்றிவிட்டது.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் படித்தவர்களில் பெரும் பகுதி நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள், பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். குற்றம் செய்தவனை, "போய் உங்கப்பா பண்ணையில் இரு, புத்தி தெளிந்த பிறகு வா" என்று அனுப்பினார்கள். அங்கே தண்டனைகளுக்கு ஒரு ஏணி வரிசையே உண்டு. சாயங்காலத்துக்கு மேல் காலேஜ் வாசலைத் தாண்டக் கூடாது என்றால் கேட்டிங். ஒரு டெர்ம், இரண்டு டெர்ம் வெளியே இரு என்றால் ரஸ்டிகேஷன். திரும்பியே வராதே என்றால் செண்ட் டவுன், அதாவது கீழே அனுப்பிவிடுவது. ஆக்ஸ்போர்டுக்கு எந்தத் திசையிலிருந்து போனாலும் அவர்கள் மேலே போவதாகத்தான் சொல்வார்கள். மலை உச்சியிலிருந்து வந்தாலும் மேலேதான். சர்வேயிங் எடுத்த நம் பேராசிரியர் இதைக் கேட்டால் டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த ஏணியில் ரஸ்டிகேஷன் நடுப்படி என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வரும் தேதி உண்டு.

இதற்குப் பிரபலமான சாட்சி மகாகவி மில்டன். 1626-இல் அவருக்கு வயது 17. கேம்பிரிட்ஜில் கிரைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். டியூட்டர் வில்லியம் சாப்பல் என்பவரோடு ஏதோ தகராறு. சில மாதம் கல்லூரியை விட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால் மில்டனுக்கு ஊர் லண்டன்! நாட்டுப்புறத்துக்கு அனுப்பும் தண்டனையில் நாட்டிலேயே பெரிய நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து சார்லஸ் டியோடாட்டி என்கிற பள்ளித் தோழனுக்கு லத்தீனில் ஒரு செய்யுள் கடிதம் எழுதினார். இதற்குப் பெயர் நாடு கடத்தல் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, நாடகம் பார்க்கிறேன், புத்தகம் படிக்கிறேன், கடுகடுப்பான டியூட்டரின் மிரட்டல் காதில் விழாமல் இருக்கிறேன் என்கிற தோரணையில் போகும் கடிதம். ஆனால் முடிவில், மறுபடியும் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பப் போவதையும் சொல்லியிருக்கிறார். திரும்பினார். அவருக்கு வேறு டியூட்டர் கொடுத்தார்கள். 1629-இல் பி.ஏ., 1632-இல் எம்.ஏ. வாங்கினார். டியூட்டரை மாற்றினார்கள் பாருங்கள், எனக்கு அந்த விவரம்தான் ரொம்பப் பிடித்தது. பையனும் திரும்பி வந்தான், நிர்வாகமும் ஒரு அடி நகர்ந்தது.

வால்டர் சாவேஜ் லேண்டர் என்று இன்னொரு கவிஞர். ஆக்ஸ்போர்டு டிரினிட்டி கல்லூரி. 1794-இல், அரசியலில் எதிர்க்கட்சிக்காரனாகிய ஒரு சக மாணவனின் அறை ஜன்னலைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார். தண்டனை? ஓராண்டு ரஸ்டிகேஷன். சுட்டதற்கே ஓராண்டுதான். திரும்ப எடுத்துக்கொள்ளக் கல்லூரி தயாராகத்தான் இருந்தது, அவர்தான் வீம்பாக வரவில்லை. தம்பிகள் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு ஆக்ஸ்போர்டில் இந்தச் சொல் இன்னும் சாதுவாகிவிட்டது. உடம்பு சரியில்லாமல் படிப்பை நிறுத்திவைத்து, ஓராண்டு கழித்துத் திரும்புகிற மாணவரும் பேச்சுவழக்கில் தன்னை ரஸ்டிகேட் ஆனவர் என்கிறார்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது அங்கேதான். தண்டிப்பதற்கு இடம் தேடியவர்களுக்கு ஏன் கிராமம்தான் தோன்றியது? ஐரோப்பியச் சொற்களைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இந்தப் புத்தி பல இடத்தில் தட்டுப்படுகிறது. அர்பேன் என்றால் பண்பானவன், அது நகரத்தான் என்கிற சொல். வில்லன் என்று நம் சினிமாவில் வருகிறாரே, அவர் வில்லா என்னும் பண்ணையில் வேலை பார்த்த ஏழைக் குடியானவர். நம்பியாருக்கும் வீரப்பாவுக்கும் இது தெரிந்திருந்தால் சம்பளம் கூடக் கேட்டிருப்பார்கள். பேகன் என்றால் நம் மதத்தைச் சேராதவன், அதன் வேர் பாகுஸ், அதாவது நாட்டுப்புறப் பகுதி. போர் என்று முரடனைச் சொல்வார்கள், அது டச்சு விவசாயி. நம்ம கை மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. பட்டிக்காட்டான் என்று திட்டுகிறோம். நாகரிகம் என்கிற சொல்லே நகரத்திலிருந்து வந்தது. ஆனால் திருக்குறளில், கண்ணோட்டம் என்கிற அதிகாரத்தில் நாகரிகம் என்ற சொல் வருகிறது. அங்கே அதற்கு நகரத்துப் பவிசு என்று அர்த்தமில்லை. பழகியவரிடம் காட்டும் தாட்சண்யம் என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்.

தமிழில் ஒதுக்கிவைப்பதற்கு உள்ள சொற்களை யோசித்துப் பாருங்கள். ஊர்விலக்கு. ஊரை விட்டுத் தள்ளிவைப்பது. ஊர்நீக்கம். ஆக்ஸ்போர்டுக்காரன் தண்டிக்கும்போது ஊருக்கு அனுப்புகிறான், நாம் தண்டிக்கும்போது ஊரிலிருந்து அனுப்புகிறோம். யார் எதை நடுமையமாக நினைக்கிறார்களோ அதிலிருந்து வெளியே தள்ளுகிறார்கள். நம் ஊர்விலக்கு லேசான சமாசாரம் இல்லை. அந்த வீட்டோடு யாரும் புழங்கக் கூடாது, பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது. ரோமானியச் சட்டத்தில் தண்ணீரும் நெருப்பும் மறுத்தல் என்றே ஒரு தண்டனைக்குப் பெயர். இரண்டாயிரம் வருஷம், கடல் தாண்டி, அதே தண்ணீர்! சமூக விலக்கைக் குற்றமாக்கி மகாராஷ்டிரா 2016-இல் தனிச் சட்டமே இயற்றியது. நம் பக்கத்துப் பேப்பரிலும் இப்படி ஒதுக்கிவைத்த செய்தி இன்றும் வரத்தான் வருகிறது.

இந்த இரண்டு தண்டனையும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு தண்ணீர்ப் பிரச்சினை. மெஸ்ஸுக்கு முன்னால் பையன்கள் உட்கார்ந்தோம். ஒரு கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்பது கடைசி வரை தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் நாலு பெயர், இரண்டு செமஸ்டர் ரஸ்டிகேஷன். இது இப்போதைய நிர்வாகத்துக்கு முந்திய காலம் என்பதால் முதல்வர் அவர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. நாலு பேரில் மூன்று பேர் ஓராண்டு கழித்துத் திரும்பி வந்து ஜூனியர்களோடு படித்து முடித்தார்கள். அதில் ஒருவர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார், முன்பைவிடக் குண்டாக. நாலாவது ஆள் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் செட்டுக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன்.

காலேஜிலிருந்து அவன் அப்பாவுக்கு ரிஜிஸ்தர் தபாலில் இங்கிலீஷில் கடிதம் போயிற்று. அவர் அதை எடுத்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனார். வாத்தியார் அகராதியை எடுத்துப் புரட்டினார். அகராதியில் முதல் அர்த்தமாக என்ன போட்டிருக்கும்? நாட்டுப்புறத்துக்குப் போதல், கிராமத்தில் வசித்தல். வாத்தியார் அப்படியே படித்துச் சொன்னார். அப்பா கேட்டாராம்: "ஊருக்குத்தானேங்க அனுப்பிச்சிருக்காங்க. லீவு விட்டாலே வர்றவந்தானே. இதுல என்ன தண்டனை?"

என் நண்பன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மனிதர் கேட்டதில் என்ன தப்பு? மில்டன் கேட்டதும் அதையேதான்.

தண்டனை என்ன என்பது ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பண்ணை வீட்டுக்குப் போகிற கனவான் வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது குதிரை சவாரி. இவனுக்கு வீட்டுக்குள் போவதற்கு முன்னாலேயே, "காலேஜ்ல விரட்டிட்டாங்களாம்ல" என்கிற பேச்சு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஓராண்டு கழித்து என்று ஊருக்குச் சொன்னால் யார் நம்புவது? ரஸ்டிகேட் என்றால் முடிந்தது கதை என்பதுதானே நம் நாட்டு அர்த்தம். தங்கை கல்யாணப் பேச்சு ஒன்று அதனாலேயே தள்ளிப்போயிற்று. ஸ்காலர்ஷிப் நின்றது. திரும்பச் சேர வேண்டுமானால் இன்ன தேதிக்குள் மனு, இன்ன தொகை என்று ஒரு விதி இருந்தது. மூன்று பேர் வீட்டில் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ ஆபீசுக்கு நடையாக நடந்து அந்த விதியைக் கண்டுபிடித்தார்கள். நாலாவது வீட்டில் அப்படி ஒரு மாமா இல்லை.

விலக்கிவைப்பதற்குப் பழைய உலகம் கண்ட சொற்களிலேயே பெரிய பெயர் ஆஸ்ட்ரசைஸ். ஏதென்ஸ் நகரத்து வழக்கம் அது. ஓஸ்ட்ரகான் என்றால் உடைந்த பானை ஓடு. ஒருவன் கை மீறிப் பெரிய ஆளாகிறான் என்று பயம் வந்தால், குடிமக்கள் ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடு என்பது கணக்கு. தேர்ந்தெடுக்கப்பட்டவன் பத்தாண்டு நகரத்துக்குள் வரக் கூடாது. இதிலும் தில்லுமுல்லு இருந்திருக்கும் என்று தெரிகிறது. 1937-இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டாக்ளிஸ் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் பதினாலு பேரோ என்னவோதான் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே தயார் செய்த சீட்டு! தேர்தலுக்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் விலக்கப்பட்டவனின் சொத்தைத் தொட மாட்டார்கள். குடியுரிமை போகாது. பத்தாண்டு முடிந்தால் வந்து அவன் வீட்டுத் திண்ணையில் அவன் உட்காரலாம். அரிஸ்டைடிஸை விலக்கிவிட்டுப் பாரசீகப் படையெடுப்பு வந்ததும் கி.மு. 480-இல், காலம் முடியும் முன்னரே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வந்தால் நேதாஜி இருக்கிறார். 1916-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் சுபாஷ் வெளியேற்றப்பட்டார். கட்டாக்கில் இருக்கும் வீட்டுக்குப் போனார். அந்த ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் அங்கே நோயாளிகளுக்குச் சேவை செய்தார். 1917-இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1919-இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். அவருக்குப் பெரிய வக்கீலின் வீடு இருந்தது, கதவு திறக்கச் சொல்லிக் கேட்க ஆள் இருந்தார்கள். நேதாஜியே ஆனாலும், இன்னொரு கதவு திறந்திருக்காவிட்டால் பட்டம் கிடைத்திருக்காது.

தண்டனையே கூடாது என்று நான் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1996-இல் பொன் நாவரசு என்கிற மருத்துவ மாணவர் கொலையுண்டது, அதன் பிறகு 1997-இல் நம் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது எல்லாம் என் வயதுக்காரர்களுக்கு வீட்டில் சொல்லிச் சொல்லி மனப்பாடம். சிலரை வெளியே வைத்தால்தான் மற்றவர்கள் உள்ளே உயிரோடு இருக்க முடியும். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வெளியிட்ட ராகிங் தடுப்பு விதிமுறைகளைத் தம்பிகள் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதிலே ரஸ்டிகேஷன் என்றால் ஒன்று முதல் நாலு செமஸ்டர் வரை. அடியோடு நீக்குவது அதற்கு மேலே தனித் தண்டனை. விதி எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. நோட்டீஸ் போர்டுக்கும் ஊர்த் திண்ணைக்கும் நடுவில் எங்கேயோ அது விழுந்துவிடுகிறது. ரஸ்டிகேஷன் ஆர்டரிலேயே, தமிழில், இன்ன தேதியில் இன்ன அறையில் வந்து திரும்பச் சேரவும் என்று ஒரு வரி போட்டு அனுப்பினால் என்ன? ஒரு வரி. முதல்வர் அவர்கள் முன்னால் இருப்பதால் மனுவாகவே வைத்துவிட்டேன்.

இனி கொஞ்சம் தொழில். சிவில்காரர்கள் இவ்வளவு நேரம் எதைச் சொல்லவில்லை என்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரஸ்டிகேஷன் என்பது கட்டடக்கலையிலும் உண்டு. கல்லை வழவழப்பாகச் செதுக்காமல் முகத்தைக் கரடுமுரடாகவே விட்டு, இணைப்பு ஓரங்களை மட்டும் ஆழமாக வெட்டிக் கட்டுவது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் 1444-இல் மிக்கலோட்சோ கட்டத் தொடங்கிய மெடிச்சி மாளிகையின் படத்தைப் பாருங்கள். தரைத்தளம் முழுக்க முரட்டுக் கல். நடுத்தளம் கொஞ்சம் இழைத்தது. மேல்தளம் வழவழப்பு. பாரம் தாங்குகிற இடத்தில் நாட்டுப்புறத்துக் கல்லை வைத்தார்கள், பெயரையும் அதற்கே கொடுத்தார்கள். செங்கல் கட்டடத்திலும் பூச்சில் கோடு வெட்டிக் கல்லு மாதிரிக் காட்டுகிற வழக்கம் உண்டு. இன்று கான்கிரீட்டில், ஒரு நாள் போட்ட கான்கிரீட்டும் மறுநாள் போட்டதும் சேருகிற கோடு வெளியே அசிங்கமாகத் தெரியாமல் இருக்க, ஷட்டரிங் பலகையில் ரீப்பர் அடித்து ஒரு பள்ளக் கோடு விடுகிறோமே, டிராயிங்கில் அதற்கும் ரஸ்டிகேஷன் குரூவ் என்றுதான் எழுதுவார்கள்.

அப்படி ஒரு டிராயிங்தான். சில வருஷம் முன்னால் நான் பார்த்த ஒரு வேலைக்குச் சென்ட்ரிங் எடுக்க வந்த காண்ட்ராக்டர் என் நண்பன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிப் பார்க்கிறோம். அவன் என்னைச் "சார்" என்றான், நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், அதன் பிறகுதான் பழையபடி "மாப்ளே" வந்தது. டிராயிங்கை விரித்தான். வெளிச்சுவர் நெடுகிலும் ரஸ்டிகேஷன் குரூவ், 20 மி.மீ. என்று எழுதியிருந்தது. விரலை அதன் மேல் வைத்து, "இங்கேயும் வந்துட்டாங்களா மாப்ளே" என்றான். அப்புறம்தான் அப்பாவின் அகராதிக் கதையைச் சொன்னான். ரீப்பரை நேராக அடிக்கக் கூடாது, ஓரத்தைச் சாய்வாக இழைத்து எண்ணெய் தடவி அடித்தால்தான் பலகை கழற்றும்போது கான்கிரீட் விளிம்பு உடையாது என்று என்னோடு இருந்த ஜூனியர் என்ஜினீயருக்கு எடுத்துச் சொன்னான். அந்தச் சுவரில் ஒரு விளிம்புகூட உடையவில்லை. பில்லை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டான், நான் வெட்டினேன்.

கிளம்பும்போது, "ரீயூனியன் நடத்துறீங்களாமே, வாட்ஸ்அப்ல போட்டோ பார்த்தேன்" என்றான். வாடா என்று கூப்பிட்டேன். வந்து சங்க விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது, கூப்பிட எனக்கு அதிகாரம் இல்லை. உறுப்பினர் தகுதி என்ற தலைப்பில், இக்கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள் என்று இருக்கிறது. இரண்டு செமஸ்டர் தண்டனை முடிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. நம் சங்கம் மட்டும் இன்னும் அவனை வெளியே நிறுத்தியிருக்கிறது.

அலும்னை என்று பேனர் கட்டியிருக்கிறோம். அந்தச் சொல்லும் லத்தீன்தான். அலெரே என்றால் ஊட்டி வளர்ப்பது. அலும்னுஸ் என்றால் ஊட்டி வளர்க்கப்பட்டவன், வளர்ப்புப் பிள்ளை. கல்லூரியை ஆல்மா மேட்டர் என்கிறோமே, அது ஊட்டி வளர்க்கும் தாய். பட்டம் என்பது அந்தச் சொல்லில் எந்த மூலையிலும் இல்லை. ஐந்து செமஸ்டர் இந்த மெஸ்ஸில் சாப்பிட்டவன் அலும்னுஸ் இல்லையென்றால், சாப்பாட்டைப் பற்றி வேண்டுமானால் சந்தேகப்படலாம், சொல்லைப் பற்றி முடியாது. இன்னொன்று, கேம்பஸ் என்றால் லத்தீனில் வெறும் வயல்வெளி. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் கல்லூரி மைதானத்துக்குத்தான் முதலில் அப்படிப் பெயர் வைத்தார்கள். வயல்காட்டிலிருந்து வந்தவனை வயல்வெளி என்று பெயர் உள்ள இடத்திலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

ஆக்ஸ்போர்டில் யுனிவர்சிட்டி கல்லூரி என்று ஒன்று. 1811-இல் ஷெல்லியையும் அவர் நண்பர் ஹாக்கையும் நாத்திகத் துண்டுப்பிரசுரம் ஒன்றுக்காக அடியோடு வெளியேற்றினார்கள். எழுதியது நீதானா என்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததுதான் கணக்கில் எழுதிய குற்றம். ஷெல்லி பட்டம் வாங்கவே இல்லை, 29 வயதில் கடலில் மூழ்கி இறந்தார். 1893-இல் அதே கல்லூரிக்குள் அவருக்குப் பளிங்குச் சிலையோடு நினைவு மண்டபம் திறந்தார்கள். 82 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். ஆள் போன பிறகு சிலை வைப்பதற்கு அவ்வளவு ஆகும் போலிருக்கிறது. இருக்கிற ஆளுக்கு அழைப்பிதழ் அனுப்ப அவ்வளவு வேண்டியதில்லை.

தீர்மானம் சின்னதுதான். உறுப்பினர் தகுதியில் "பட்டம் பெற்றவர்கள்" என்று இருப்பதை "குறைந்தது ஒரு செமஸ்டர் படித்தவர்கள்" என்று மாற்ற வேண்டும். இதனால் ரஸ்டிகேட் ஆனவர்கள் மட்டுமல்ல, அப்பா இறந்து படிப்பை விட்டவர்கள், கல்யாணம் செய்துகொடுத்து இரண்டாம் ஆண்டில் நின்றுபோன நம் வகுப்புப் பெண்கள், அரியரிலேயே தங்கிவிட்டவர்கள் எல்லோரும் வருவார்கள். சந்தாவும் கூடும், பொருளாளர் கவனிக்க வேண்டும். திருட்டு, ராகிங் என்று கோர்ட்டில் தண்டனை பெற்றவர்களைச் சேர்ப்பதா என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதைச் செயற்குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஒரு துணை விதி சேர்த்திருக்கிறோம். ஒழுங்கு கெட்டுவிடும் என்று இன்னும் சிலர் நினைக்கிறீர்கள். உங்களிடம்தான் குறளில் வருகிற நாகரிகத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இது பிற்பகல் பொதுக்குழுவில் ஏழாவதாக வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப் பேர் மெல்ல நழுவுவது நம் மரபு. மாற்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கை வேண்டும். டவுனுக்குப் பஸ் நாலரைக்குத்தான், அதற்கு முன்னால் போய் ஸ்டாண்டில் நின்று என்ன செய்யப் போகிறீர்கள்? இருந்து கை தூக்கிவிட்டுப் போங்கள்.